இந்த வருஷம் ரெண்டு ஜேட்

ஹோலி முடிந்து வெயில் முறுக்கிக்கொள்ளத் தொடங்கியதும் கிர்தாரிலால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார். காலையிலேயே தூக்குப்பாத்திரத்தில் ரொட்டியும் பருப்பும் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். லாரி ஆபீஸ் கிடங்கில் நல்ல காற்று வருகிறது, வாசலில் வேப்பமரம் இருக்கிறது, அங்கேயே சாப்பிட்டுச் சற்றுப் படுத்துக்கொள்கிறேன் என்று தம்பி சியாராமிடம் சொல்லிவிடுவார். தம்பி மனைவி பூல்மதி அதை நம்பித்தான் வருஷக்கணக்காகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். அவளே எடுத்துக்கொண்டு போனாள். போனவள் கிடங்கு வாசலிலேயே நின்றுவிட்டாள். கூரை முழுக்கத் தகரம். வேப்பமரம் எப்போதோ பட்டுப்போய் அடிக்கட்டை மட்டும் நின்றது. உள்ளே வெல்ல மூட்டைகள் கசிந்து ஈ மொய்த்துக்கொண்டிருக்க, நடுவே கிர்தாரிலால் நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் மூட்டை தூக்கும் ஆளிடம் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னால் முக்காட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அவர் வீட்டில் இருந்தால் முக்காட்டைத் தள்ள முடியாது. அடுப்பின் முன்னாலும் மோவாய் வரைக்கும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வேக வேண்டும். ஒருத்தி வேகக் கூடாது என்று இன்னொருவர் தகரத்தின் கீழ் வெந்துகொண்டிருந்தார். அவர் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வழியும் கிடையாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஜேட்ஜியோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கணவனின் அண்ணன்தான் ஜேட். மரியாதைக்கு ஒரு ஜி. வைகாசி பாதியில் பிடித்து ஆனி வரைக்கும் அனல் கக்கும் மாதத்துக்கும் இங்கே ஜேட் என்றே பேர். அதற்கு ஜி கிடையாது. ஏன் இரண்டுக்கும் ஒரே பேரை வைத்தார்கள் என்பது அந்த ராமனுக்குத்தான் தெரியும். இரண்டும் வந்தால் பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதனால்தான் என்று கான்பூர்ப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் சிரித்துக்கொள்வார்கள்.

கிர்தாரிலால் மனைவியை இழந்தவர். ஒரே மகன் டெல்லியில் இருக்கிறான். ஆள் உயரம், ஒல்லி, காதில் முடி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெங்காயம் இருக்கும். அனல்காற்று அடித்துப் போடாமல் இருப்பதற்கு. வெங்காயம் வாடினால் மாற்றிக்கொள்வார், வாடியதைப் பசுவுக்குப் போடுவார். சந்து முனையில் திரும்பும்போதே இருமத் தொடங்கிவிடுவார். தொண்டையில் ஒன்றும் இருக்காது. உள்ளே இருக்கும் பெண்ணுக்கு முக்காடு போட நேரம் கொடுக்கிற இருமல் அது.

மாலையானால் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுப்பார். அப்புறம் வடக்கே உள்ள ஊர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்த முற்றத்துக்கு வந்துபோகும். டெல்லியில் மகன், லக்னோவில் தங்கை ராம்துலாரி, உன்னாவ் பக்கத்துக் கிராமத்தில் பெரிய அண்ணன் பன்வாரி, ஜெய்ப்பூரிலும் பாட்னாவிலும் வெல்லம் இறக்கிவிட்டுப் படுத்திருக்கும் லாரி டிரைவர்கள். யாரையும் நலம் விசாரிக்க மாட்டார். நேராகக் கேள்விதான். குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீர் கையில் தாங்குகிறதா, மொட்டைமாடியில் செருப்பில்லாமல் எப்போது நிற்க முடிகிறது, தெரு நாய் எங்கே படுத்திருக்கிறது. நாய் படியில் படுத்திருந்தால் அந்த ஊர் பரவாயில்லை. சாக்கடைக்குள் படுத்திருந்தால் அந்த ஊர் முடிந்தது.

எதற்கு இந்த விசாரணை என்றால், வெல்லத்துக்காக ஆரம்பித்த பழக்கம். எந்த மாதம் எந்த ஊருக்கு அனுப்பினால் மூட்டை ஒழுகாது என்று தெரிந்தால் ஆபீசில் திட்டு வாங்க வேண்டாம் அல்லவா. பிறகு வெல்லம் மறந்துபோய்ப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. "பாகுன் மாசத்துல ஜெய்ப்பூர் முன்னாடி ஓடும். சைத்ல நம்ம கான்பூர் எட்டிப் பிடிக்கும். பைசாக்ல டெல்லி ரெண்டையும் தாண்டிடும். அடுத்ததுல எல்லா ஊரும் ஒரே அடுப்புல. அப்புறம் பாட்னா வேர்க்க ஆரம்பிக்கும்" என்று குதிரைப் பந்தயம் சொல்வதுபோலச் சொல்வார். ஆனால் சொன்னபடி எந்த ஊரும் ஓடியதில்லை. போன வருஷம் பாட்னா எல்லாரையும் முந்திக்கொண்டு போய்விட்டது. அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவரைக் குழப்பியது மாதங்கள் அல்ல, ஊர்கள்தான். ராம்துலாரி வீடு லக்னோவில் பழைய சந்து ஒன்றில் இருக்கிறது. அவள் கொழுந்தன் வீடு அதே லக்னோவில் ஆற்றோரக் காலனியில். ஒரே நாள் மாலை இரண்டு வீட்டையும் கேட்டார். சந்து வீட்டில் சுவரில் கை வைக்க முடியவில்லை என்றார்கள். ஆற்றோர வீட்டில் மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். கிர்தாரிலால் போனைக் கீழே வைத்தார். பிறகு தம்பியிடம் சொன்னார்: "ஒரே ஊருக்கு ரெண்டு வெயில்னா நான் எந்த ஊரை எந்த ஊரோட வச்சுப் பாக்குறது?"

கான்பூரும் அப்படித்தான். டிவியில் சொல்கிற கணக்கு விமானம் இறங்குகிற மைதானத்து வெயில். அங்கே புல் இருக்கிறது, மரம் இருக்கிறது, மனுஷன் இல்லை. இந்தச் சந்தில் எதிரும் புதிருமாக ஏ.சி. பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளிருக்கும் வெக்கையை எல்லாம் தெருவில் துப்புகின்றன. பகலெல்லாம் செங்கல் வெயிலைக் குடிக்கிறது, பொழுது சாய்ந்ததும் கக்குகிறது. மகன் டெல்லியிலிருந்து எங்கள் வீடு ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னால் இவர் கேட்பார்: "சரி, உன் வீட்டு வெக்கை இப்ப யார் வீட்ல இருக்கு?" கங்கைக்கு அந்தப் பக்கம் பன்வாரி அண்ணன் விடியற்காலையில் போர்வை தேடுகிறார், இந்தப் பக்கம் நாம் விசிறி தேடுகிறோம், நடுவில் இருப்பது ஒரு பாலம்தானே என்று அவருக்கு மாளாத ஆச்சரியம். ஆச்சரியம் என்றுகூடச் சொல்ல முடியாது. திகைப்பு.

இந்தத் திகைப்பு பொழுதுபோக்காக இருந்தவரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை. போன கோடையில் சியாராமை வெயில் அடித்துப் போட்டது. வெளியில் அலைந்து அல்ல, வீட்டு அறையிலேயே. இரவும் சூடு இறங்காத அந்த அறையில் பல இரவுகள் தொடர்ந்து படுத்தவர் ஒரு விடியற்காலை எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து, கங்கா மாதா கண் திறந்து, திரும்பி வந்தார். சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. இன்னொரு ஜேட் மாதத்தை இந்த அறையில் இவர் கழிக்கக் கூடாது, வேறெங்காவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எந்த ஊருக்கு? அதைச் சொல்ல வேண்டியவர் கிர்தாரிலால்தான். இத்தனை வருஷம் ஊர்களை விசாரித்ததற்கு இப்போதுதான் ஒரு காரியம் வந்தது. அவர் சோறு தண்ணீர் மறந்து விசாரித்தார். காலையில் டெல்லி என்பார். மகன் வீட்டில் குளிர்ச்சி உண்டு, மின்சாரம் போனால் மேல்மாடி அடுப்பாகிவிடும் என்று மாலையில் மறுப்பார். உன்னாவ் இரவுக்கு நல்லது, பகலில் வெட்டவெளியில் அனல்காற்று ஆளைத் தூக்கும். லக்னோ என்றால் எந்த லக்னோ? பூல்மதியின் தங்கை குந்தி ஹல்த்வானியில் இருக்கிறாள். மலை அடிவாரம். பகலில் அங்கேயும் வெயில்தான், ஆனால் இருட்டினால் மலையிலிருந்து ஒரு காற்று இறங்குமாம். சியாராம் அதைக் கேட்டதும் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அண்ணன் கூட வர வேண்டும். அண்ணன் வராமல் நான் எங்கேயும் போக மாட்டேன் என்று குழந்தை மாதிரி பிடிவாதம் பிடித்தார். அதனால் என்ன, வருகிறேன் என்றார் கிர்தாரிலால். நாள் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் குந்தி போன் செய்தாள். பூல்மதி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. முழங்கையால் அழுத்தி, போன் உரக்கப் பேசும்படி வைத்துக்கொண்டாள். கிர்தாரிலால் அப்போது சந்திலிருந்து வாசற்படி ஏறிக்கொண்டிருந்தார். ஹல்த்வானி என்ற பேச்சு காதில் விழுந்ததும் நின்றார். இருமினால் பேச்சு நின்றுவிடும், அந்த ஊர் நிலவரம் கேட்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக இருமாமல் நின்றார்.

குந்தி வாயாடி. அவள் குரல் முற்றம் வரைக்கும் வந்தது. "வர்றதுன்னா சீக்கிரமா கிளம்பி வாக்கா. ஜேட் வந்தா இந்த வீட்லயும் பகல்ல மூச்சு விட முடியாது. ஒரு ஜேட்டையே தாங்க முடியல, இந்த வருஷம் ரெண்டு ஜேட். யார் தலையில கட்டிட்டு ஓடறதுன்னு தெரியல."

பூல்மதி சிரித்தாள். "இங்க மட்டும் என்ன? பகவான் கொடுத்தது, தள்ளித்தானே ஆகணும்" என்றாள்.

இந்த வருஷம் அதிக மாசம். சில வருஷங்களுக்கு ஒரு தடவை பஞ்சாங்கத்தில் ஒரு மாதம் கூடும் அல்லவா, இந்தத் தடவை ஜேட்டில் வந்து விழுந்தது. ஆகவே ஜேட்டுக்குப் பின்னாலேயே இன்னொரு ஜேட். பெண்களுக்கெல்லாம் தெரியும். விரதக் கணக்கு அவர்கள் கையில். ஊர் ஊராக மாதம் பேசுகிற கிர்தாரிலாலுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். மனைவி போனதோடு அந்த வீட்டில் அவருக்குப் பஞ்சாங்கம் சொல்ல ஆள் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தாம் இருந்தால் இந்தப் பெண் முக்காட்டுக்குள் வேகிறாள் என்று அவருக்கு முன்பே மனசில் ஒரு முள் இருந்தது. காதில் விழுந்த வார்த்தை நேராக அந்த முள்ளின் மேலேயே போய் உட்கார்ந்தது. ஒரு ஜேட் தாம். இன்னொரு ஜேட் பன்வாரி அண்ணன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஜி கூட இல்லை.

ஓசையில்லாமல் படி இறங்கி, சந்து முனைக்குப் போய், அங்கிருந்து பெரிதாக இருமிக்கொண்டு திரும்பி வந்தார்.

மறுநாள் காலை தம்பியின் கட்டில் அருகே வந்து நின்று துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பூல்மதி கதவுக்குப் பின்னால் இருந்தாள். பேச்சு எல்லாம் கேட்டது.

"ஹல்த்வானிக்கு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல."

"ஏண்ணே?"

"ஜேட் வந்தா அந்த வீட்ல மூச்சு விட முடியாதாம்."

"அது தெரிஞ்சதுதானே" என்றார் சியாராம். "இங்க இன்னும் மோசம். பொழுது சாஞ்சாலும் நகர்றதில்ல. ராத்திரி பூரா சுவரோட சுவரா."

கிர்தாரிலால் தாம் படுக்கும் முற்றத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "பஹூவும் அப்படித்தான் நினைக்குதா?" என்று தம்பி மனைவியைக் குறித்துக் கேட்டார்.

"அவதான் தினம் புலம்பறா. ஜேட்டை எப்படித் தள்ளப் போறோமோன்னு."

"ம்."

"அதான், ஜேட்டுக்கு முன்னாடியே நாம போயிடணும்ணே."

"முன்னாடியே போயிடுங்க" என்றார் அவர். "நான் பின்னாடியும் வரல." சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமலே கிளம்பிப் போனார்.

சியாராமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூல்மதிக்கும் விளங்கவில்லை. வெக்கைக்குப் பயந்தா ஜேட்ஜி வர மறுக்கிறார்? தகரக் கொட்டகையில் கிடக்கிறவருக்கு மலையடிவாரம் என்ன பெரிய வெக்கை? அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் யாருக்கு என்ன கோபம் என்று யாருக்கும் தெரியாத ஒரு கோபம் நடமாடியது. கிர்தாரிலால் காலை ரொட்டியும் வேண்டாம் என்றார், கடையில் சாப்பிட்டேன் என்றார். வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தால் இருமல் மட்டும் முன்பைவிடப் பலமாக இருந்தது. பூல்மதி பருப்பில் உப்புக் கூடிவிட்டதா என்று நாக்கில் விட்டுப் பார்த்தாள். பூஜையில் உட்கார்ந்து, தாயே, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டாள். சியாராமோ அண்ணன் வராமல் நான் அசைய மாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பைசாக் தேய்ந்துகொண்டிருந்தது.

ஒரு மாலை கிர்தாரிலால் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து லக்னோவுக்குப் போன் போட்டார். குழாயையும் நாயையும் கேட்கவில்லை. தங்கையிடம் தாழ்ந்த குரலில் முறையிட்டார். "இந்த வருஷம் ரெண்டு ஜேட்டாம், துலாரி. தாங்காதாம். என்னையும் பன்வாரி அண்ணனையும் சேர்த்துச் சொல்றாங்க."

ராம்துலாரிக்குக் காது கொஞ்சம் மந்தம். முதல் பாதிதான் கேட்டிருக்கும்போல. லக்னோவில் ஜேட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்றால் அனுமாருக்குப் பெருவிழா, தெருவெல்லாம் பந்தல் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பூரி கொடுப்பார்கள். அவள் பூரிப்போடு கத்தினாள்: "ரெண்டு ஜேட்னா புண்ணியம்ணே. நிறுத்தி வச்சு, பூரியும் சர்பத்தும் கொடுத்து அனுப்பிட வேண்டியதுதான்."

கிர்தாரிலால் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். அணைத்துவிட்டார். கூடப் பிறந்தவளும் அந்தக் கட்சி என்று ஆகிவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்ற பூல்மதிக்கு முதலில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சேலையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுத்த நொடி கிடங்கின் தகரக் கூரை கண் முன்னால் வந்து நின்றது. சிரிப்பு அங்கேயே செத்துப் போயிற்று.

கணவனிடம் ஓடினாள். மாசத்தைச் சொன்னதை மனுஷனைச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் போய்ச் சொல்லுங்கள் என்றாள். சியாராம் நல்லவர், ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிலும் இப்போது தலை வேறு கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் அண்ணன் முன்னால் நின்று, எதையோ தேடித் தேடிச் சொன்னார்: "அண்ணே, குந்தி சொன்னது உங்களை இல்லியாம். அது வேற ஜேட்டாம்."

"பன்வாரி அண்ணனை மட்டுமா?" என்றார் கிர்தாரிலால். "பாவம், அவரு அந்த வீட்டு வாசலைக்கூட மிதிச்சதில்லையே."

அன்றைக்கே உன்னாவுக்குப் போன் செய்து, அண்ணே, நீங்கள் ஹல்த்வானிப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அங்கே உங்கள் மேல் வருத்தமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தார். ஹல்த்வானி எந்தத் திசை என்றுகூடக் கேட்டிராத பன்வாரி, தன்னை யார் அங்கே அழைத்தார்கள், யார் வர வேண்டாம் என்றார்கள் என்று இரண்டையும் கேட்டுக் கொதித்தார்.

ஜேட் பிறப்பதற்குள்ளாகவே ஒரு மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. மாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் கொதித்தது. சியாராம் பிதற்றத் தொடங்கினார். தொட்டால் உடம்பு காய்ந்த ஓடு மாதிரி இருந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. பூல்மதி பக்கத்து வீட்டுக்காரரைக் கிடங்குக்கு விரட்டினாள். கிர்தாரிலால் தோளில் ஒரு பனிக்கட்டிப் பாளத்தைச் சாக்கில் சுற்றிச் சுமந்துகொண்டு ஓடிவந்தார். அன்று இருமவில்லை. அவளும் முக்காடு போட்டாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஈரத் துணியால் ஒற்றினார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் சியாராம் கண் திறந்து, அண்ணனைப் பார்த்து, "நீங்க வராம நான் போகமாட்டேன்" என்று விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.

கிர்தாரிலால் எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். தோள் நனைந்து, சாக்கின் நார் ஒட்டியிருந்தது. பூல்மதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மனசுக்குள் ராம ராம என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஜேட்ஜி, அது மாசம்."

அவர் திடுக்கிட்டு, பேசியது யார் என்று மாடியைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். கதவுப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பிறகு சுவரிடமே கேட்டார்.

"எது?"

"குந்தி சொன்னது. பைசாக்குக்கு அப்புறம் வர்றது."

"ரெண்டுன்னு சொன்னாங்களே."

"இந்த வருஷம் அதிக மாசம். ஜேட் ரெண்டு தரம் வருது. ரெண்டும் மாசந்தான்."

சுவரில் ஒரு பல்லி நகர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பன்வாரி அண்ணன்?"

"அவரும் இல்ல."

"அடக் கடவுளே" என்றார் மெதுவாக. "அவருக்கு வேற போன் பண்ணித் தொலைச்சேனே."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று பூல்மதி நிலையை இறுகப் பிடித்தாள். "நீங்க வரலைன்னா இவரு கிளம்ப மாட்டாரு. இந்த ரூம்ல இன்னொரு தரம் விழுந்தா எந்திரிக்க மாட்டாரு. எந்த ஊரா இருந்தாலும் சரி, நீங்க கூட்டிட்டுப் போங்க."

அவர் தலையை அசைத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், மாலை விசாரணைகூட இல்லாமல், நேராக ரயில் நிலையத்துக்கு டிக்கெட் எடுக்கப் போனார். அன்றைக்கு டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் நாய்கள் எங்கே படுத்திருந்தன என்று யாருக்கும் தெரியாது.

லக்னோ போய் வண்டி மாறினார்கள். ஹல்த்வானியில் இறங்கியதும் கிர்தாரிலால் பிளாட்பாரத்துக் குழாயைத் திறந்து கையை நீட்டினார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. வெளியே வந்தால் நாய்கள் சாக்கடையில் கிடந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் அவர் ரிக்‌ஷாவில் போகும் வழியெல்லாம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். குந்தி வீடு கடைக்கு மேலே ஒற்றை அறை. அவள் சங்கதி அறிந்து வெட்கப்பட்டாலும் வாய் சும்மா இருக்குமா. அவர் காதில் விழும்படியே அக்காவிடம் சொன்னாள்: "நான் திட்டுனது மாசத்தை. கோவிச்சுக்கிட்டது மனுஷன். மாசம் கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா ஊருக்கே நல்லதாப் போயிருக்கும்."

இருட்டியதும் காற்று இறங்கியது. சியாராம் போர்வை கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு இடையில் விழிக்காமல் தூங்கினார். கிர்தாரிலால் படிக்கட்டில் படுத்துக்கொண்டார். ஓர் அறையில் நான்கு பேர், அதில் ஜேட்ஜி ஒருவர் என்றால் அக்கா தங்கை இருவரும் நாளெல்லாம் முகம் மூடித்தான் இருக்க வேண்டும். மறுநாள் கிடங்கில் ஆளில்லை, நான் கான்பூருக்குக் கிளம்புகிறேன் என்றார். தம்பி தடுத்தார். "நீ தூங்கறேல்ல, அது போதும்" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வழியனுப்ப பூல்மதியும் ஸ்டேஷனுக்கு வந்தாள். ரொட்டிப் பொட்டலத்தை அவர் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தூணோரம் ஒதுங்கி நின்றாள். அவர் எடுத்துக்கொண்டார். வண்டிக்குள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் எதிர்ப் பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அசைந்தது. அவர் உதடு துடிப்பது தெரிந்தது. தம்பி மனைவி முன்னால் சிரிக்கலாகாது அல்லவா. துண்டை இழுத்து மூக்கு வரைக்கும் முகத்தை மூடிக்கொண்டு, முதல் தடவையாக அவளிடமே நேராகச் சொன்னார்.

"பஹூ, ரெண்டு ஜேட்டுல ஒண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்."